கல்லூரியை விட்டுக் கிளம்புவதா, இன்னொரு வருடம் இருப்பதா? என்பிஏ டிராஃப்ட் முடிவைப் படிப்படியாகப் புரிந்துகொள்ள

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தை இப்போதுதான் பார்க்க ஆரம்பித்திருக்கிறீர்கள் என்றால் ஏப்ரல் மாதம் உங்களைக் குழப்பிவிடும். மார்ச் முழுக்க நீங்கள் ரசித்துப் பார்த்த பத்தொன்பது வயதுப் பையன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவுக்குப் போகிறேன் என்பான். அவனைவிட நன்றாக ஆடியதாக உங்களுக்குத் தோன்றிய இன்னொருவன் அடுத்த வருடமும் இங்கேயேதான் என்பான். வர்ணனையாளர்கள் ஏஜென்ட், காம்பைன், டூ-வே, கேரண்டி என்று ஏதேதோ சொல்லிக்கொண்டே போவார்கள். எனக்கும் முதல் இரண்டு மூன்று வருடம் ஒன்றும் புரியவில்லை. அதனால் நீங்களே அந்தப் பையனின் இடத்தில் உட்கார்ந்து முடிவெடுக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அப்படிப் பார்த்தால்தான் இதில் ஒவ்வொரு விஷயமும் எதற்காக இருக்கிறது என்பது விளங்கும்.

படி 1: கேள்வியைச் சரியாகக் கேளுங்கள்

"என்பிஏவில் ஆடும் அளவுக்கு நான் நல்ல ஆட்டக்காரனா?" என்றுதான் எல்லாரும் தொடங்குவார்கள். வீட்டில் அம்மா, ஊரில் பழைய கோச், கூட ஆடும் பையன்கள் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், அவர்கள் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கேட்க வேண்டியது இதுதான்: இந்த வருடம் போனால் எனக்கு எந்த ஒப்பந்தம் கிடைக்கும், அதில் எத்தனை வருடச் சம்பளத்துக்கு கேரண்டி? கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு கேள்விக்கு பதில் தேடுவதற்காகத்தான்.

இடக் கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என்பிஏவில் 30 அணிகள். ஓர் அணிக்கு 15 வழக்கமான ஒப்பந்தங்கள், அதோடு மூன்று டூ-வே ஒப்பந்தங்கள் (டூ-வே என்றால் என்ன என்று படி 6இல் சொல்கிறேன்). மொத்தமே 540 இடங்கள், அதில் பெரும்பாலானவற்றில் ஏற்கெனவே ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். புதிய வீரர்களை அணிகள் வரிசையாக ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். அதில் இரண்டு சுற்று, முழுதாக நடந்தால் 60 பெயர்கள். அந்த 60இலும் ஐரோப்பா, ஆஸ்திரேலியா என்று வெளியிலிருந்து வருகிறவர்களுக்குப் போக மீதிதான் கல்லூரிப் பையன்களுக்கு.

படி 2: தகுதி இருக்கிறதா என்று பாருங்கள்

இது சுலபம். டிராஃப்ட் நடக்கும் வருடத்துக்குள் 19 வயது நிறைய வேண்டும். அமெரிக்காவில் படித்தவராக இருந்தால் பள்ளி முடித்து ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். இந்த விதி 2006 டிராஃப்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்னால் பள்ளியிலிருந்து நேராகப் போக முடிந்தது, கெவின் கார்னெட் 1995இலும் கோபி பிரையன்ட் 1996இலும் லெப்ரான் ஜேம்ஸ் 2003இலும் போனது அப்படித்தான். இந்த 19 வயது விதியால்தான் ஒரே ஒரு வருடம் கல்லூரியில் ஆடிவிட்டுக் கிளம்பும் 'ஒன் அண்ட் டன்' பழக்கம் வந்தது.

இன்னும் பின்னால் போனால் கதை வேறு. பள்ளி முடித்து நான்கு வருடம் ஆகாமல் யாரும் என்பிஏவில் ஆட முடியாது என்று ஒரு காலம் இருந்தது. ஸ்பென்சர் ஹேவுட் அதை எதிர்த்து வழக்குப் போட்டார், 1971இல் உச்ச நீதிமன்றம் வரை போய் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. முன்கூட்டியே கிளம்பலாமா என்று இன்று ஒரு பையன் யோசிக்க முடிகிறதென்றால் அதற்கு அவர்தான் காரணம். புதிதாகப் பார்க்க வருகிறவர்களிடம் இந்தப் பெயரை நான் எப்போதும் சொல்லிவிடுவேன்.

கல்லூரியில் ஆடும் தகுதிக்காலம் முழுவதும் தீர்ந்துவிட்டவர்கள் தானாகவே டிராஃப்டில் இருப்பார்கள், அவர்கள் முடிவெடுக்க எதுவும் இல்லை. தகுதிக்காலம் மிச்சம் இருக்கிறவர்களுக்குத்தான் இந்தத் தலைவலி.

படி 3: காலண்டரைச் சுவரில் ஒட்டுங்கள்

இரண்டு அமைப்புகள், இரண்டு தேதிகள். இதைக் குழப்பிக்கொண்டால் ஆபத்து. 2025ஐ உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பெயர் கொடுக்கக் கடைசி நாள் ஏப்ரல் 26. அணிகள் வீரர்களை அளந்து சோதித்துப் பார்க்கும் காம்பைன் சிகாகோவில் மே 11 முதல் 18 வரை. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ கணக்கில் பெயரைத் திரும்பப் பெறக் கடைசி நாள் மே 28. என்பிஏ கணக்கில் அது ஜூன் 15. டிராஃப்ட் ஜூன் 25, 26.

கல்லூரிப் பையனுக்கு இதில் முக்கியமானது மே 28 மட்டும்தான். அதைத் தாண்டி ஒரு நாள் போனாலும் என்சிஏஏ விதிப்படி கல்லூரியில் ஆடும் தகுதி போய்விடும். ஜூன் 15க்குள் விலகலாம் என்று என்பிஏ சொன்னாலும் திரும்பிப் போக இடம் இருக்காது. இந்தத் தகுதி விதிகளை எதிர்த்து இப்போது நிறைய வழக்குகள் நடக்கின்றன, சிலருக்கு விதிவிலக்கும் கிடைத்திருக்கிறது, ஆனால் நீதிபதி நம் பக்கம் தீர்ப்பு சொல்வார் என்று நம்பி ஒரு பையன் தன் வாழ்க்கையைத் திட்டமிடக் கூடாது.

ஒரு வருத்தமான ஒப்பீடு சொல்கிறேன், நமக்கும் கொஞ்சம் நெருக்கமானது. சிம் புல்லர், டொரொன்டோவில் பிறந்த பஞ்சாபிப் பையன், ஏழடி ஐந்தங்குலம். நியூ மெக்சிகோ ஸ்டேட் அணியில் இரண்டே வருடம் ஆடிவிட்டு 2014இல் டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தார். அப்போது கல்லூரிக்குத் திரும்புவதற்கான கெடு ஏப்ரல் நடுவிலேயே முடிந்துவிடும், காம்பைனுக்கு யார் யாரைக் கூப்பிடுவார்கள் என்று தெரிவதற்குக்கூட முன்னால். கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் குதிப்பதுபோலத்தான். டிராஃப்ட் இரவில் அவர் பெயர் வரவில்லை. அடுத்த ஒரு வருடம் கீழ்நிலை லீகில் ரீனோ அணிக்கு ஆடி, 2015 ஏப்ரலில் சாக்ரமென்டோ கிங்ஸ் கொடுத்த பத்து நாள் ஒப்பந்தத்தில் உள்ளே வந்து, என்பிஏவில் ஆடிய முதல் இந்திய வம்சாவளி வீரர் ஆனார். ஆடியது மூன்றே ஆட்டங்கள். பிறகு தைவானில் நிறைய வருடம் ஆடினார். 2016இல் விதி மாறி, காம்பைன் முடிந்து பத்து நாள் வரை திரும்பி வரலாம் என்று ஆனது. அந்த விதி இரண்டு வருடம் முன்னால் வந்திருந்தால், சிகாகோவிலிருந்து அழைப்பு வருகிறதா என்று பார்த்துவிட்டு அவர் நிதானமாக முடிவெடுத்திருக்கலாம்.

படி 4: ஆழம் பாருங்கள்

பெயர் கொடுத்துவிட்டால் போய்த்தான் ஆக வேண்டும் என்று இல்லை. ஏப்ரலுக்கும் மே கடைசிக்கும் நடுவில் உள்ள ஒரு மாதம் ஆழம் பார்ப்பதற்காகவே கொடுக்கப்பட்டிருக்கிறது.

முதல் வேலை, கல்லூரி வழியாக என்பிஏவின் ஆலோசனைக் குழுவிடம் மதிப்பீடு கேட்பது. அணிகளில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் உள்ளவர்கள்தான் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். நீங்கள் எந்த வட்டத்தில் போவீர்கள் என்று ரகசியமாகச் சொல்வார்கள்: முதல் 14 இடங்களான லாட்டரிக்குள்ளா, முதல் சுற்றா, இரண்டாம் சுற்றா, அல்லது யாரும் எடுக்க மாட்டார்களா. இணையத்தில் ஆளுக்கொரு உத்தேசப் பட்டியல் போடுவார்கள், நானும் விழுந்து விழுந்து படிப்பேன், ஆனால் பையன் நம்ப வேண்டியது இந்தக் காகிதத்தைத்தான். 'எடுக்கப்பட மாட்டார்' என்று அதில் வந்தால் அதை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து சத்தமாகப் படிக்க வேண்டும்.

அப்புறம் ஏஜென்ட். முன்பெல்லாம் ஏஜென்டோடு கையெழுத்துப் போட்டால் கல்லூரி வாழ்க்கை அன்றோடு முடிந்தது. 2017இல் எஃப்பிஐ விசாரணையில் கல்லூரிக் கூடைப்பந்தில் நடந்த லஞ்ச விவகாரங்கள் வெளியே வந்தன, உதவிக் கோச்சுகள் கைதானார்கள், அதன் பிறகு முன்னாள் வெளியுறவு அமைச்சர் கண்டலீசா ரைஸ் தலைமையில் ஒரு குழு போட்டு 2018இல் விதிகளை மாற்றினார்கள். இப்போது ஆலோசனைக் குழுவிடம் மதிப்பீடு கேட்ட பையன், என்சிஏஏ சான்றிதழ் பெற்ற ஏஜென்டை எழுத்துப்பூர்வமாக வைத்துக்கொள்ளலாம். பயணம், தங்குமிடம், சாப்பாட்டுச் செலவை ஏஜென்ட் பார்த்துக்கொள்ளலாம். திரும்பிப் போக முடிவெடுத்தால் அந்த ஒப்பந்தம் ரத்தாகிவிட வேண்டும்.

'சான்றிதழ் பெற்ற' என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடாதீர்கள். திருமண வீட்டில் வந்து கை குலுக்கும் தூரத்துச் சொந்தம்போல, இந்த ஒரு மாதத்தில் நிறைய பேர் பையனைத் தேடி வருவார்கள். நான் அந்த அணியின் மேனேஜருக்கு நெருக்கம், இந்த ஷூ கம்பெனியில் எனக்கு ஆள் இருக்கிறது என்பார்கள். அவர்களில் யார் கையிலிருந்தும் ஒரு ரூபாய் வாங்கினாலும் கல்லூரித் தகுதி கேள்விக்குள்ளாகும். ஏஜென்டிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: என் இடத்தில் இருந்த எத்தனை பேரிடம் நீங்கள் 'திரும்பிப் போ' என்று சொல்லியிருக்கிறீர்கள்? யாரிடமும் சொன்னதில்லை என்றால் அவர் உங்களுக்காக யோசிக்கவில்லை. பையன் டிராஃப்டில் இருந்தால்தான் ஏஜென்டுக்கு கமிஷன், வீரர் சம்பளத்தில் அதிகபட்சம் 4 சதவீதம். கல்லூரிக் கோச்சுக்கோ பையன் திரும்பி வந்தால்தான் அணி பலப்படும். இருவரும் நல்லவர்களாகவே இருக்கலாம். இருவருக்கும் ஆளுக்கொரு பக்கம் சாய்வு உண்டு என்பதை மட்டும் மறக்காமல் கேளுங்கள்.

படி 5: சிகாகோவில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள்

காம்பைனுக்கு ஏறத்தாழ 75 பேரை அழைப்பார்கள். அழைப்பு வந்ததா இல்லையா என்பதே பாதி பதில். வரவில்லை என்றால் இந்த வருடம் முதல் சுற்றில் போவது மிகக் கடினம், அப்போது திரும்பிப் போவதற்கான காரணங்களைத் தேட ஆரம்பிக்கலாம்.

போனவர்களை ஷூ இல்லாமல் நிற்க வைத்து உயரம் எடுப்பார்கள். கல்லூரிப் பட்டியலில் ஆறடி ஏழு என்று போட்டிருந்த பையன் இங்கே ஆறடி ஐந்தரை ஆகிவிடுவது சகஜம், அந்த ஒன்றரை அங்குலத்தில் அவன் எந்த இடத்தில் ஆடலாம் என்பதே மாறிவிடும். கையை விரித்தால் எவ்வளவு நீளம், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு எகிறுகிறான், பக்கவாட்டில் எவ்வளவு வேகமாக நகர்கிறான் என்று எல்லாவற்றையும் அளப்பார்கள். ஐந்துக்கு ஐந்து ஆட்டம் உண்டு. அணிகள் தனியாக உட்காரவைத்துப் பேசும். மருத்துவப் பரிசோதனை உண்டு. 2024 முதல், அழைக்கப்பட்டவர்கள் இதில் கலந்துகொள்வது கட்டாயம்.

மருத்துவப் பரிசோதனையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஜாரட் சலிஞ்சர், ஒஹாயோ ஸ்டேட். 2011இல் முதலாண்டு முடிந்ததுமே கிளம்பியிருந்தால் முதல் ஐந்தாறு இடங்களுக்குள் போயிருப்பார் என்று பலரும் சொன்னார்கள். சாம்பியன்ஷிப் வாங்கித் தருகிறேன் என்று திரும்பி வந்தார். அந்த வருடமும் நன்றாகவே ஆடினார், அணி கடைசி நான்கு வரை போனது. 2012 காம்பைனில் டாக்டர்கள் அவர் முதுகைப் பார்த்துவிட்டு எச்சரித்தார்கள், 21ஆம் இடத்துக்கு இறங்கிவிட்டார். அவர் ஆட்டம் இறங்கியதால் வந்த சரிவு இல்லை அது.

படி 6: பணத்தைக் காகிதத்தில் எழுதிக் கூட்டுங்கள்

இங்கே கொஞ்ச நேரம் நிற்போம், முடிவு பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

முதல் சுற்றில் எடுக்கப்பட்டால் நான்கு வருட ஒப்பந்தம். முதல் இரண்டு வருடச் சம்பளத்துக்கு முழு கேரண்டி. மூன்றாவதையும் நான்காவதையும் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று அணி முடிவு செய்யும். எந்த இடத்தில் போனால் எவ்வளவு என்பதற்கு அட்டவணையே இருக்கிறது. 2025இல் முதலிடத்தில் போன கூப்பர் ஃபிளாக்குக்கு முதல் வருடம் சுமார் 1.38 கோடி டாலர். முப்பதாம் இடத்தில் போனவருக்கும் 20 லட்சம் டாலருக்கு மேல். இதில் எவ்வளவு கைக்கு வரும் என்பது வேறு கணக்கு. மத்திய அரசு வரி, ஆடப்போகும் ஒவ்வொரு மாநிலத்தின் வரி, லீக் பிடித்து வைக்கும் பத்து சதவீதம், ஏஜென்ட் கமிஷன் எல்லாம் போனால் பாதிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இருந்தாலும் பெரிய பணம், கேரண்டியான பணம்.

31ஆம் இடத்திலிருந்து அட்டவணை கிடையாது. அணியோடு பேசி வாங்குவதுதான். 33ஆம் இடத்தில் போகிறவருக்கு நல்ல ஒப்பந்தம் கிடைக்கலாம், 55ஆம் இடத்தில் போகிறவருக்குப் பெரும்பாலும் டூ-வே. டூ-வே என்றால் என்பிஏ அணிக்கும் அதன் கீழ் உள்ள ஜி லீக் அணிக்கும் நடுவில் போய் வந்துகொண்டிருப்பது, என்பிஏவில் அதிகபட்சம் 50 ஆட்டங்களுக்குத்தான் சேர்த்துக்கொள்வார்கள். 2025-26இல் டூ-வே சம்பளம் சுமார் 6,36,000 டாலர், அதாவது புதிய வீரரின் குறைந்தபட்சச் சம்பளத்தில் பாதி. டூ-வேயும் கிடைக்காமல் வெறும் ஜி லீக் ஒப்பந்தம் என்றால் ஒரு சீசனுக்கு 43,000 டாலர் அளவில்தான். அமெரிக்காவில் ஒரு பள்ளி ஆசிரியர் இதைவிட அதிகம் வாங்குவார்.

இனி இந்தப் பக்கம் பாருங்கள். 2021 ஜூலை வரை கல்லூரியில் இருந்தால் ஸ்காலர்ஷிப் மட்டும்தான், வேறு வருமானம் கிடையாது, அதனால் ஏழை வீட்டுப் பையன் 50ஆம் இடம் என்று தெரிந்தும் கிளம்பினான். அவனை யாரும் குறை சொல்ல முடியாது. 2021இல் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரம் போன்றவற்றில் சம்பாதிக்கலாம் என்று அனுமதித்தார்கள், அதைத்தான் என்ஐஎல் என்கிறார்கள். 2025 ஜூனில் ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டுக்கு நீதிமன்ற ஒப்புதல் கிடைத்து, பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்று ஆனது, எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு பல்கலைக்கழகத்துக்கு முதல் வருடம் சுமார் 2.05 கோடி டாலர் வரை. பெரிய அணிகளின் முன்னணி வீரர்கள் பத்து லட்சம் டாலருக்கு மேல் வாங்குவது இப்போது செய்தியே இல்லை.

இதன் விளைவு எண்ணிக்கையிலேயே தெரிகிறது. 2021இல் முன்கூட்டியே டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தவர்கள் 353 பேர். 2025இல் 106 பேர். இரண்டாம் சுற்றின் பின்பாதியில் இருக்கிற பையனுக்குக் கல்லூரியிலேயே டூ-வேயைவிட அதிகச் சம்பளம் கிடைக்கும்போது அவன் ஏன் கிளம்ப வேண்டும்? என் தெளிவான கருத்து இதுதான். முதல் 20 இடங்களுக்குள் என்று ஆலோசனைக் குழுவும் அணிகளும் ஒரே குரலில் சொன்னால் போய்விடுங்கள். 40க்குக் கீழ் என்றால் இருங்கள். நடுவில் உள்ள 20 இடங்கள்தான் உண்மையான போராட்டம், அங்கே பொதுவிதி எதுவும் செல்லாது.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் உள்ளே போனால் இரண்டாவது ஒப்பந்தம் சீக்கிரம் வரும், உண்மையான பெரும்பணம் அதில்தான் இருக்கிறது. 19 வயதில் போனவன் 23இல் அதைப் பேசுவான், 22இல் போனவன் 26இல். லாட்டரிக்குள் இருக்கிற பையன் கல்லூரியில் எவ்வளவு கொடுத்தாலும் கிளம்பிவிடுவது இதனால்தான். நடுவில் இருக்கிறவனுக்கு அந்த இரண்டாவது ஒப்பந்தம் வருமா என்பதே நிச்சயம் இல்லை.

படி 7: ஒரு வருடம் இருந்தால் என்ன மாறும் என்று சொல்லத் தெரிய வேண்டும்

'இன்னும் ஒரு வருடம் இருந்தால் இன்னும் நன்றாக ஆடுவேன்' என்பது போதாது. என்ன மாறும்?

சாக் ஈடியைப் பாருங்கள். இவரும் டொரொன்டோக்காரர்தான், ஏழடி நான்கு, பர்டூ பல்கலைக்கழகம். 2023இல் நாட்டின் சிறந்த வீரர் விருதை வாங்கிய அதே சீசனில், மார்ச் 17 அன்று, மார்ச் போட்டியில் தன் பிரிவில் முதல் தரவரிசையில் இருந்த பர்டூ, அதே பிரிவின் கடைசியான பதினாறாம் தரவரிசை அணியான ஃபேர்லி டிக்கின்சனிடம் 63-58 என்று தோற்றது. ஆண்கள் போட்டியின் வரலாற்றில் அப்படி நடந்தது அது இரண்டாவது முறைதான். ஈடி அன்று 21 புள்ளி, 15 ரீபவுண்ட். ஆனாலும் அந்தத் தோல்வியின் முகம் அவர்தான். டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தார், சிகாகோ போனார், அணிகள் என்ன நினைக்கின்றன என்று கேட்டார். அவ்வளவு பெரிய உடம்பு, ஓட்டம் நிறைந்த இன்றைய ஆட்டத்துக்குத் தாங்காது என்பதுதான் பொதுவான சந்தேகம். கெடு முடியும் மே 31 அன்றுதான் திரும்பி வருகிறேன் என்று அறிவித்தார். அடுத்த சீசனில் மறுபடியும் அதே விருது. 2024 ஏப்ரல் 8 இறுதி ஆட்டத்தில் பர்டூ கனெக்டிகட்டிடம் 75-60 என்று தோற்றது, அந்த 60இல் 37 இவருடையது. ஜூனில் மெம்பிஸ் அவரை ஒன்பதாம் இடத்தில் எடுத்தது.

அணிகளுக்கு இருந்த சந்தேகம் என்ன என்று ஈடிக்குத் தெரிந்தது, அதற்கு ஒரு வருடத்தில் பதில் சொல்ல முடியும் என்றும் தெரிந்தது. மூச்சு, உடல்தகுதி, நீண்ட நேரம் ஆடும் தாக்குப்பிடிப்பு, இவையெல்லாம் உழைத்தால் மாறக்கூடியவை.

மாறாதவையும் உண்டு. ஆஸ்கர் ஷிப்வே 2022இல் இதே விருதை வாங்கியவர், கென்டக்கி, ரீபவுண்ட் எடுப்பதில் அவரைப்போல் ஆள் இல்லை. அவரும் திரும்பி வந்து இன்னொரு வருடம் ஆடினார். ஆனால் சென்டர் இடத்தில் ஆடுகிறவருக்கு ஆறடி ஒன்பது என்ற உயரம் ஒரு வருடத்தில் கூடப்போவதில்லை. 2023 டிராஃப்டில் அவர் பெயர் வரவில்லை, இண்டியானாவுடன் டூ-வேயில்தான் தொடங்கினார். கல்லூரியில் அவருக்கு மரியாதையும் வருமானமும் கிடைத்தன, அந்த வருடம் வீண் என்று சொல்ல மாட்டேன். டிராஃப்ட் கணக்கில் மட்டும் அது எதையும் மாற்றவில்லை.

ஐவன் ராப் இன்னொரு வகை. 2016இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் முதலாண்டு முடித்ததுமே லாட்டரிக்குள் என்று பேசினார்கள். திரும்பி வந்தார். 2017இல் 35ஆம் இடம். முதல் வருடத்தில் 'இந்தப் பையன் இன்னும் எப்படியெல்லாம் வளர்வானோ' என்று பார்க்கிற கண்கள், இரண்டாம் வருடம் 'இவனுக்கு இது வரவில்லை' என்று பார்க்கத் தொடங்கிவிடும். வயதும் ஏறுகிறது, என்பிஏ வயதைக் கடுமையாகப் பார்க்கும்.

ஆகவே சிகாகோவில் பேசிய ஒவ்வோர் அணியிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு, பதிலை நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்: என்னிடம் உங்களுக்குப் பிடிக்காத ஒரு விஷயம் எது? வெளியிலிருந்து பந்து போடத் தெரியவில்லை என்று ஏழெட்டு அணிகள் சொன்னால், அது வேலை செய்தால் வரக்கூடியது, இருக்கலாம். கை நீளம் போதாது என்றால் இருந்து பயன் இல்லை. அப்புறம் அடுத்த வருடம் யார் கோச், பந்து உங்கள் கைக்கு வருமா, கூட ஆடுபவர்கள் யார் என்றும் பாருங்கள். வேறு கல்லூரிக்கு மாறும் எண்ணம் இருந்தால் அதற்கான பதிவு தேதி டிராஃப்ட் கெடுவுக்கு முன்னாலேயே முடிந்துவிடும், இரண்டிலும் பெயர் கொடுத்துவைக்க வேண்டியிருக்கும். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று ஊரில் திட்டுவார்கள், ஆனால் இந்த ஒரு மாதத்துக்கு அதுதான் புத்திசாலித்தனம்.

படி 8: உடம்பையும் விசாவையும் மறக்காதீர்கள்

ஜோன்டே போர்ட்டர் 2018 மே மாதம் டிராஃப்டிலிருந்து விலகி மிசூரிக்குத் திரும்பினார். அக்டோபரில் முழங்காலில் ஏசிஎல் என்ற தசைநார் கிழிந்து சீசனே போனது. 2019 டிராஃப்டில் அவரை யாரும் எடுக்கவில்லை. இப்படி எல்லாருக்கும் நடக்காது, ஆனால் திரும்புவதாக முடிவெடுக்கிறவர் இன்சூரன்ஸ் இல்லாமல் பயிற்சிக்கே போகக் கூடாது. இனி ஆடவே முடியாமல் போனால் கிடைக்கும் பாலிசி ஒன்று, காயத்தால் டிராஃப்ட் இடம் இறங்கினால் ஈடு கட்டும் பாலிசி இன்னொன்று. இரண்டும் வேறுவேறு, பாலிசியைப் படித்துக் காட்ட ஒரு வக்கீலைப் பிடியுங்கள்.

வெளிநாட்டிலிருந்து மாணவர் விசாவில் வந்தவர்களுக்கு இன்னொரு முடிச்சு இருக்கிறது. அமெரிக்க மண்ணில் வேலை செய்து சம்பாதிக்க அந்த விசாவில் கட்டுப்பாடு உண்டு. காங்கோவிலிருந்து வந்த ஷிப்வே, அணி பஹாமாஸ் போன சமயத்தில் அங்கே வைத்து விளம்பர வேலைகளைச் செய்தது இதனால்தான். கல்லூரியில் இருந்தாலே பணம் கிடைக்கிறதே என்று மேலே போட்ட கணக்கு இவர்களுக்கு அப்படியே பொருந்தாது.

பெண்கள் பக்கம் விதி வேறு. டபிள்யூஎன்பிஏவுக்கு, கல்லூரியில் ஆடுபவர் என்றால் அந்த வருடத்தில் 22 வயது ஆக வேண்டும், அல்லது படிப்பை முடித்திருக்க வேண்டும். ஆகவே முன்கூட்டியே கிளம்புகிறவர்கள் குறைவு. ஜூவல் லாய்ட் 2015இலும் ஜாக்கி யங் 2019இலும் நாட்ர டேமிலிருந்து ஒரு வருடம் முன்னதாகக் கிளம்பி முதலிடத்தில் போனார்கள். அதே கல்லூரியின் ஒலிவியா மைல்ஸ் 2025இல் டிராஃப்டில் மிக உயர்ந்த இடம் காத்திருந்தும் போகாமல் டிசியூ என்ற வேறொரு பல்கலைக்கழகத்துக்கு மாறி இன்னொரு வருடம் ஆடினார்.

படி 9: கெடு நாளுக்கு முன்னால் முடிவை எழுதிக் கொடுங்கள்

திரும்பி வருவதாக இருந்தால் என்பிஏவுக்கு எழுத்துப்பூர்வமாக விலகல் கடிதம் போக வேண்டும், ஏஜென்ட் ஒப்பந்தம் முடித்துவைக்கப்பட வேண்டும், கல்லூரி விளையாட்டுத் துறைக்கு இரண்டின் நகலும் போக வேண்டும். சமூக ஊடகத்தில் அறிவிப்பது கடிதம் ஆகாது. கெடு கிழக்குக் கடற்கரை நேரப்படி இரவு 11.59, மேற்குக் கடற்கரையில் இருக்கிற பையன் அதைத் தன் ஊர் நேரம் என்று நினைத்துக்கொண்டு தூங்கிவிடக் கூடாது.

கிளம்புவதாக முடிவெடுத்தாலும் கல்லூரி அலுவலகத்தில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பட்டம் வாங்க இன்னும் எத்தனை கிரெடிட் வேண்டும், எந்தெந்தப் பாடம் என்று கையெழுத்தோடு ஒரு தாள் வாங்கிவிட்டுப் போங்கள். ஸ்காலர்ஷிப்பில் இரண்டு வருடமாவது படித்துவிட்டுப் போன கூடைப்பந்து வீரர் பத்து வருடத்துக்குள் திரும்பி வந்தால் கட்டணத்தையும் புத்தகச் செலவையும் கல்லூரி ஏற்க வேண்டும் என்று 2018 மாற்றங்களிலேயே கொண்டுவந்தார்கள். ஜேலன் பிரன்சன் வில்லனோவாவில் மூன்றே வருடத்தில் பட்டத்தை முடித்து அதையும் கையில் எடுத்துக்கொண்டுதான் 2018இல் கிளம்பினார், 33ஆம் இடத்தில் போனார். ஸ்டெஃபன் கரி 2009இல் டேவிட்சனை விட்டுப் போய் 2022இல் பட்டத்தை முடித்தார். வின்ஸ் கார்ட்டர் 1998இல் நார்த் கரோலினாவை விட்டுப் போனவர், 2001 மே 20 அன்று காலை சாப்பல் ஹில்லில் பட்டமளிப்பு விழாவில் கலந்துகொண்டு, அங்கிருந்து விமானம் ஏறி ஃபிலடெல்ஃபியா போய் அன்றே டொரொன்டோ அணிக்காக பிளேஆஃப் ஏழாவது ஆட்டத்தில் ஆடினார். கடைசி நொடியில் அவர் போட்ட பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது, டொரொன்டோ ஒரு புள்ளியில் தோற்றது. ஆட்ட நாளில் பட்டம் வாங்கப் போனதற்காக அவரைத் திட்டியவர்கள் நிறைய பேர். அந்தப் பட்டம் அவர் வீட்டில் இருக்கிறது.